பித்தளைத் தோட்டாவும் அளவுக் கரண்டியும்

துப்பாக்கி வெடித்தால் எதிரே இருப்பதற்குத்தான் ஆபத்து என்பது பொதுவான எண்ணம். சுட்டவரின் கைவிரல்களே பறிபோன காலமும் உண்டு. அதற்குத் துப்பாக்கியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. வீட்டிலிருந்த ஒரு சிறிய அளவுக் கரண்டிக்கும் அதில் பங்குண்டு.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வேட்டைக்காரர்களும் விவசாயிகளும் பித்தளைத் தோட்டாக்களை விரும்பி வாங்கினர். காகிதத் தோட்டா மலிவானது. ஆனால் ஈரம் பட்டால் ஊதிப்போய்க் குழலுக்குள் நுழையாது. பித்தளைக்கு விலை அதிகம் என்றாலும் அதையே திரும்பத் திரும்ப நிரப்பலாம். கடைத்தெருவுக்கு வெகுதூரத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது பெரிய வசதி அல்லவா?

நிரப்பும் வேலையை வீட்டிலேயே செய்தார்கள். வெடித்த பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவார்கள். பிறகு கருமருந்து, அதன்மேல் அட்டை, கம்பளித் தக்கை, ஈய ரவை, கடைசியாக ஒரு மெல்லிய அட்டை மூடி. பித்தளையின் சுவர் மெல்லியது என்பதால் உள்வாய் சற்று அகலம். ஆகவே 12ஆம் எண் தோட்டாவுக்கு 11 அல்லது 10ஆம் எண் தக்கையைத்தான் வாங்கவேண்டும். (ஒரு ராத்தல் ஈயத்தில் 12 உருண்டைகள் செய்தால் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குப் பொருந்துமோ அதுவே 12ஆம் எண். எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும்!)

கருமருந்தில் ஏறத்தாழ 75 விழுக்காடு வெடியுப்பு, 15 விழுக்காடு கரி, 10 விழுக்காடு கந்தகம். இந்த வெடியுப்புக்காகவே பீகாரின் பாட்னா வட்டாரம் ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்தது. 1757 பிளாசிப் போருக்குப் பின்னர் அந்த வணிகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடிக்குள் போனது.

கருமருந்தை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை, கரண்டியால் அளந்தார்கள். 12ஆம் எண் துப்பாக்கிக்கு 3 டிராம், அதாவது 5.3 கிராம் அளவில் போடுவது வழக்கம். கை சற்றுத் தாராளமாகிவிட்டாலும் தோளில் உதை கூடுமே தவிரப் பெரும்பாலும் உயிருக்கு மோசமில்லை. சுட்டு முடித்ததும் அன்றே தோட்டாவைச் சோப்புத் தண்ணீரில் கழுவியாக வேண்டும். கருமருந்தின் எச்சம் ஈரத்தை இழுக்கும். பித்தளையையும் குழலையும் அரித்துவிடும்.

சிக்கல் புகையில்லா மருந்தோடு வந்தது. 1860களில் பிரஷ்யாவின் ஷூல்ட்சே மரத்திலிருந்து செய்த மருந்தும், அதன் வழியில் வந்த சிலவும் பழைய கரண்டியாலேயே அளக்கும்படி தயாரிக்கப்பட்டன. மக்களுக்கு அந்தப் பழக்கம் படிந்துவிட்டது. 1887இல் ஆல்ஃபிரட் நோபெல் கொண்டுவந்த பாலிஸ்டைட் போன்ற அடர்ந்த மருந்துகளோ வேறு இனம். இவற்றைத் தராசில் நிறுத்து, கொஞ்சமாகப் போடவேண்டும். பழைய கரண்டி நிறையப் போட்டவர் இரண்டு, மூன்று மடங்கு மருந்தை அடைத்துவிட்டார் என்று பொருள். தோட்டாவும் அதே, கரண்டியும் அதே. விளைவுதான் வேறு.

அன்றைய பல துப்பாக்கிகளின் குழல்கள் டமாஸ்கஸ் வகையைச் சேர்ந்தவை. இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி இணைத்தவை. அவை வெடித்தபோது பழி முழுவதும் குழலின் மீதே விழுந்தது. அது முழு நியாயம் அன்று. 1891இல் பர்மிங்காம் சோதனைச் சாலையின் முடிவுகள் வெளியானபோது, முறுக்கிச் செய்த ஆங்கிலக் குழல் ஒன்றே முதலிடத்தில் நின்றது! எனினும் எல்லாக் குழலும் அந்தத் தரத்தில் இல்லை. உள்ளே அரித்துப்போன குழல் எது என்பது வெளிப்பார்வைக்குத் தெரிவதும் இல்லை. அதனால்தான் டமாஸ்கஸ் துப்பாக்கிகளில் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை அமெரிக்கத் தோட்டாப் பெட்டிகளில் நெடுங்காலம் அச்சிடப்பட்டது.

1960இல் பிளாஸ்டிக் தோட்டா வந்ததும் காகிதமும் பின்வாங்கியது. பித்தளையோ அதற்கு முன்பே ஒதுங்கிவிட்டது. பாட்டன் காலத்துத் துப்பாக்கியை உயிரோடு வைத்திருக்க விரும்பும் சிலர்தான் இன்றும் பித்தளையையும் கருமருந்தையும் விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

கரண்டியின் கணக்கு மட்டும் மறையவில்லை. அமெரிக்கத் தோட்டாப் பெட்டிகள் பலவற்றில் இன்னமும் ‘3 டிராமுக்கு நிகர்’ என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது புகையில்லா மருந்து; அதன் எடை 3 டிராமே அல்ல. அத்தனை கருமருந்து தரும் வேகத்தை இது தரும் என்பதே அதன் பொருள்.