நாற்பதுக்குப் பின் லோங்போர்ட்: முதற் பலகையைத் தெரிவுசெய்வது எப்படி?

நோர்வேயில் 1978 முதல் 1989 வரை ஸ்கேட்போர்ட் தடைசெய்யப்பட்டிருந்தது. விற்க முடியாது, விளம்பரம் செய்ய முடியாது, அதில் ஓடவும் முடியாது. பிள்ளைகள் விழுந்து காயப்படுகிறார்கள் என்ற அச்சமே காரணம். அதே 1980களில்தான் ஈழத்தமிழர் பலர் மாணவர்களாகவும் அகதிகளாகவும் அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தனர். இன்று அங்கு சில்லுப் பலகையில் ஓடுவது சாதாரண காட்சி.

நுங்குச் சில்லும் பழைய சைக்கிள் ரயரும் உருட்டித் திரிந்த பருவம் எம்மவர் பலருக்குப் பதுங்குகுழியிலும் இடப்பெயர்விலும் முடிந்துபோனது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்த பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று நாற்பது வயதாகிவிட்டது. மகனோ மகளோ வாசலில் சாய்த்து வைத்த நீளப் பலகையைப் பார்த்து, ஏறிப் பார்த்தால் என்ன என்று நினைத்தவர்களும், “இந்த வயசில என்ன விளையாட்டு” என்ற பேச்சுக்கு அஞ்சி விட்டுவிட்டவர்களும் அந்தத் தலைமுறையில் உண்டு.

ஏறலாம். ஆனால் ஒரு சம்பளத்தில் இரண்டு நாட்டுக் குடும்பங்களைத் தாங்குபவருக்கு முறிந்த மணிக்கட்டு சின்ன விடயமல்ல. ஆகவே நடுவயதில் தொடங்குபவர் பலகையின் வேகத்தையோ அழகையோ பார்த்துத் தெரிவுசெய்யக் கூடாது. ஆடாமல் நிற்கவும், வேண்டிய நேரத்தில் இலகுவாக இறங்கவும் முடிகிறதா என்பதே முதற் கேள்வி.

வயது தடையா?

ஸ்கேட்போர்ட் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது 2021இல் நடந்த டோக்கியோப் போட்டிகளில். அதில் தென்னாபிரிக்காவின் டலஸ் ஒபர்ஹோல்சர் 46 வயதில் போட்டியிட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருக்கு 49 வயது. பிரித்தானியாவுக்காகப் போட்டியிட்ட அன்டி மக்டோனல்டுக்கு 51. அதே ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்ட்டில் இறங்கிய சீனச் சிறுமி ஷெங் ஹாவ்ஹாவ்வுக்கு 11 வயது.

அந்த இருவரும் பல்லாண்டு பழகியவர்கள். புதிதாகத் தொடங்குபவர் அவர்களோடு தன்னை ஒப்பிட முடியாது. இருபதில் இருந்ததைவிட நாற்பத்தைந்தில் உடல் மெதுவாகவே சுதாரிக்கும். முறிந்த எலும்பு பொருந்தவும் நாள் எடுக்கும். ஆனாலும் சமநிலை என்பது பழகப் பழக வளர்வது. தட்டையான பாதையில் மெல்ல ஓடுவதற்கு ஒலிம்பிக் வீரரின் திறமை தேவையில்லை.

லோங்போர்ட் என்றால் என்ன?

1950களில் கலிபோர்னியாவில் அலைச்சறுக்கு விளையாடியவர்கள், கடலில் அலை இல்லாத நாட்களில் பலகைக்குச் சில்லுப் பூட்டி வீதியில் ஓடத் தொடங்கினர். அக்காலச் சில்லுகள் உலோகத்தாலோ களிமண் கலவையாலோ ஆனவை. சிறு கல்லில் பட்டாலே சில்லு நின்றுவிடும், ஆள் முன்னால் போய் விழுவார். 1970களின் தொடக்கத்தில் பிராங் நாஸ்வேர்தி பொலியூரத்தேன் சில்லுகளைக் கொண்டுவந்த பிறகே இந்த ஓட்டம் மென்மையானது.

வித்தை காட்டும் சாதாரண ஸ்கேட்போர்ட் ஏறக்குறைய 31, 32 அங்குல நீளமானது. அதன் சில்லுகள் 50 முதல் 54 மில்லிமீற்றர் விட்டமுள்ளவை, மிகக் கடினமானவை. லோங்போர்ட் பெரும்பாலும் 36 முதல் 42 அங்குலம் வரை நீளும். சில்லுகள் 65 முதல் 75 மில்லிமீற்றர் வரை பெரியவை, மென்மையானவை. பாய்வதற்கும் சுழற்றுவதற்கும் முன்னது; நீண்ட தூரம் ஓடுவதற்கும் வளைந்து வளைந்து செல்வதற்கும் பின்னது.

தொடங்கு முன் உடலைக் கவனியுங்கள்

நீரிழிவால் பாதம் விறைத்திருப்பவர், பலகை காலுக்குக் கீழே எப்படிச் சரிகிறது என்பதை உணர மாட்டார். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்குத் தலையில் படும் சிறு அடியும் ஆபத்தாகலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வலு குறைந்திருக்கக்கூடும். உடலில் இன்னும் எறிகணைத் துண்டுகளோடு இருப்பவர்கள், முன்பு முறிந்த காலில் உலோகத்தகடு வைத்திருப்பவர்கள், தலைக்காயத்துக்குப் பின் கிறுதி வருபவர்கள் ஆகியோர் தம் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்யலாம். சுவரோரம் ஒற்றைக்காலில் நில்லுங்கள். அரை நிமிடம் நிற்க முடியாவிட்டால், முதலில் சில கிழமைகள் அதையே பழகுங்கள். தரையில் காலை ஊன்றித் தள்ளும் ஒவ்வொரு முறையும் முழுப் பாரமும் மற்றக் காலில்தான் நிற்கும்.

பலகையின் உயரம்

தெரிவில் முதலில் பார்க்க வேண்டியது, பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. சில்லுகளைத் தாங்கும் உலோக அச்சுத் தொகுதியை ட்ரக் என்பார்கள். சாதாரணமாக அது பலகைக்கு அடியில் பூட்டப்படும். ட்ரோப் த்ரூ என்ற வகையில் பலகையில் துளை வெட்டி, ட்ரக்கை அதனூடாக மேலே எடுத்துப் பூட்டுவார்கள். இதனால் பலகை தாழ்ந்து நிற்கும்.

தாழ்ந்த பலகையில் நின்று தரையைத் தள்ளும்போது, ஊன்றி நிற்கும் முழங்கால் குறைவாகவே மடியும். இறங்குவதும் வாசற்படி இறங்குவது போல இலகு. கூர்மையாகத் திரும்ப இது அவ்வளவாக இடம் தராது என்பது உண்மை. தொடங்குபவருக்கு அது நன்மையே. முதற் பலகைக்கு 38 முதல் 41 அங்குல நீளமும் 9 அங்குலத்துக்குக் குறையாத அகலமும் உள்ள ட்ரோப் த்ரூ வகை பொருத்தமானது. முன்னும் பின்னும் சில்லுக்கு நேரே பலகை வெட்டப்பட்டிருப்பதையும் பாருங்கள். அப்படி இல்லாத பலகையில், சாயும்போது சில்லு பலகையில் உரசித் திடீரென நின்றுவிடலாம்.

பலகை மேப்பிள் மரத் தகடுகளை ஒட்டியோ மூங்கிலைக் கலந்தோ செய்யப்படும். சற்று வளைந்து கொடுப்பது அதிர்வைக் குறைக்கும். ஆனால் நீங்கள் நடுவில் ஏறி நிற்கும்போது தரையைத் தொடுமளவுக்குத் தொய்ந்தால், அது உங்கள் நிறைக்கு உரியதல்ல.

சில்லு, ட்ரக், பெயாரிங்

சில்லில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மில்லிமீற்றரில் விட்டம், மற்றது 78ஏ, 85ஏ என்பது போன்ற கடினத்தன்மை. எண் குறைந்தால் சில்லு மென்மை. 70 மில்லிமீற்றர், 78ஏ முதல் 80ஏ வரையான சில்லு தொடங்குபவருக்கு நல்லது. சிறு கற்களையும் நடைபாதை வெடிப்புகளையும் அது விழுங்கிக்கொண்டு போகும்.

ட்ரக் உலோகமாக இருக்க வேண்டும். 180 மில்லிமீற்றர் அகலமானது பெரியவர்களுக்கு நிலையானது. அதன் நடுவிலுள்ள புஷ் எனும் இறப்பர் போன்ற வளையமே பலகை எவ்வளவு சாயும் என்பதைத் தீர்மானிக்கிறது. பாரமானவருக்குக் கடினமான புஷ் தேவை. நடு நட்டை இறுக்கினால் சாய்வு குறையும். முதற் கிழமைகளில் சற்று இறுக்கியே வைத்திருங்கள்.

பெயாரிங்கில் கடைக்காரர் சொல்லும் பெரிய எண்களுக்கு மேலதிகப் பணம் கொடுக்க வேண்டாம். பொதுவாகப் பயன்படுவது 608 எனும் தொழிற்துறை அளவு: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர். தூசும் ஈரமும் போகாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

பல்பொருள் அங்காடிகளில் பொம்மைகளோடு விற்கப்படும், பிளாஸ்ரிக் ட்ரக் பூட்டிய பலகைகளைத் தவிருங்கள். அந்தப் பணத்துக்கு நல்ல பழைய பலகையொன்று கிடைக்கலாம். பழையதை வாங்கும்போது மரத் தகடுகள் பிரிந்துள்ளனவா, அச்சு வளைந்துள்ளதா, சில்லு ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்துள்ளதா என்று பாருங்கள். ஒவ்வொரு சில்லையும் சுழற்றிவிட்டு, கரகரக்கும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

காப்பு அணிகள்

விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. அதனால் முதலில் அடிபடுவது மணிக்கட்டு. மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் பலகையின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியவை. ஐரோப்பாவில் வாங்குபவர்கள் தலைக்கவசத்தில் ஈஎன் 1078 என்ற தர அடையாளத்தைத் தேடுங்கள். அது சைக்கிளுக்கும் ஸ்கேட்போர்ட்டுக்கும் உரியது. காலுக்குத் தட்டையான அடியுள்ள சப்பாத்து, செருப்பு வேண்டாம்.

முதற் கிழமைகள்

முதலில் புற்தரையில் பலகையை வைத்து ஏறி இறங்குங்கள். எந்தக் கால் முன்னால் இருந்தால் இயல்பாக உள்ளது என்பது அங்கேயே தெரிந்துவிடும். பிறகு வாகனம் வராத, சரிவில்லாத மெழுகுத் தரைக்கோ தார்த் தரைக்கோ போங்கள். பாரம் எப்போதும் சற்று முன்காலில் இருக்கட்டும். பின்காலில் சாய்ந்தால் வேகம் கூடும்போது பலகை நடுங்கும்.

தள்ளப் பழகும் அன்றே நிறுத்தவும் பழகுங்கள். முன்காலில் நின்றபடி பின்காலின் அடியைத் தரையில் மெல்ல உரசுவதே கால் பிரேக். அது கைவராமல் எந்தச் சரிவுக்கும் போகக் கூடாது. குதித்திறங்கி ஓடி நிற்க முடியாத வேகத்துக்கும் போகக் கூடாது.

தாயகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். ஏ9 போன்ற காப்பெற் வீதிகள் வழுவழுப்பாகத் தெரிந்தாலும் பேருந்தும் பாரவூர்தியும் ஓடும் இடத்தில் பலகை வேண்டாம். மணல் படிந்த ஒழுங்கையில் சில்லு நின்றுவிடும். அனுமதி கிடைத்தால் பாடசாலையின் சீமெந்துக் கூடைப்பந்துத் திடலே சிறந்த இடம்.

இரண்டு மூன்று மாதம் ஓடிய பின், உங்களுக்கு வேண்டியது வளைந்து செல்லும் பலகையா, தூரம் ஓடும் பலகையா என்பது தெளிவாகும். அதற்கு முன் பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை. பிள்ளையின் பலகையை இரவல் வாங்குவதாயின், அது பிள்ளையின் நிறைக்கு அமைக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்து, ட்ரக்கை ஒரு சுற்று இறுக்கிவிட்டு ஏறுங்கள்.