செட்ஜ்விக் புவி அறிவியல் அருங்காட்சியகம்

செட்ஜ்விக் புவி அறிவியல் அருங்காட்சியகம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டவுனிங் வளாகத்தில் உள்ளது. பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறையோடு இணைந்தது. பாறைகள், கனிமங்கள், புதைபடிவங்கள் என ஏறத்தாழ 20 லட்சம் மாதிரிகள் இதன் சேகரிப்பில் உள்ளன. பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகங்களுள் இதுவே மிகப் பழமையானது. இதன் தொடக்கம் 1728இல் மறைந்த மருத்துவர் ஜான் உட்வர்டின் உயில். நுழைவுக் கட்டணம் இல்லை. பார்க்க விரும்பி வருவோருக்குச் சேகரிப்பைக் காசு வாங்காமல் காட்ட வேண்டும் என்று அந்த உயிலே விதித்திருந்தது. ஆகவே இங்கே இலவச அனுமதி என்பது பிற்காலத்தில் வந்த சலுகை அல்ல; நிறுவனம் பிறந்தபோதே உடன் பிறந்தது.

உட்வர்டும் அவர் உயிலும்

ஜான் உட்வர்ட் (1665–1728) லண்டன் கிரெஷாம் கல்லூரியில் மருத்துவப் பேராசிரியர். 1695இல் அவர் வெளியிட்ட புவி வரலாற்று நூல், மலைகளிலும் வயல்களிலும் கிடைக்கும் சிப்பிகளும் எலும்புகளும் உண்மையில் வாழ்ந்த உயிரினங்களின் எச்சங்களே என்று வாதிட்டது. விவிலியம் கூறும் பெருவெள்ளத்தில் பாறைகள் கரைந்து, பிறகு அடுக்கடுக்காகப் படிந்தன என்பது அவர் விளக்கம். விளக்கம் பிழைத்தது, ஆனால் அதற்குச் சான்று தேடி அவர் சேர்த்த பொருட்கள் நிலைத்தன. எந்த மாதிரி எந்த ஊரில், எந்த ஆழத்தில் கிடைத்தது, யார் அனுப்பினார் என்று எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. வெளிநாடு செல்வோர் எதைப் பார்க்க வேண்டும், எப்படிச் சேகரித்து அனுப்ப வேண்டும் என்று 1696இல் ஒரு சிறு வழிகாட்டியே அச்சிட்டார். அவர் முன்கோபியும்கூட. மருத்துவச் சர்ச்சையொன்று முற்றி, 1719இல் சக மருத்துவர் ரிச்சர்ட் மீட் என்பவரோடு கிரெஷாம் கல்லூரி வாசலில் வாள் சண்டை வரை போனது.

அவர் சேர்த்தவை பத்தாயிரத்தை நெருங்கும். அவை வால்நட் மரத்தில் செய்த ஐந்து அலமாரிகளில் இருந்தன. இங்கிலாந்தில் கிடைத்தவற்றை உயில் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச் சென்றார். எஞ்சியவற்றைப் பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிக்கொண்டது. ஒரு விரிவுரையாளர் பதவிக்கும் உயிலில் வழி செய்தார். விரிவுரையாளர் ஆண்டுக்கு நான்கு சொற்பொழிவுகளாவது ஆற்ற வேண்டும். வாரத்தில் மூன்று நாள், காலையில் இரண்டு மணி நேரம், பிற்பகலில் இரண்டு மணி நேரம் சேகரிப்பு அறையில் இருந்து, கற்கும் ஆவலோடு வருபவர்களுக்குக் கட்டணமின்றிக் காட்ட வேண்டும். எதுவும் உடையாமலும் தொலையாமலும் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பே. மனைவி மக்கள் என்று கவனம் சிதறக் கூடாது என்பதால் அவர் திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்றும் உயில் கூறியது.

முதல் விரிவுரையாளராக 1731இல் கன்யர்ஸ் மிடில்டன் அமர்ந்தார். பின்வந்தவர்களுள் ஜான் மிட்செல் (பதவியில் 1762–1764) நிலநடுக்க அலைகளை ஆராய்ந்தவர். ஒளிகூடத் தப்ப முடியாத அளவு ஈர்ப்பு கொண்ட விண்மீன்கள் இருக்கலாம் என்று பிற்காலத்தில் கணித்தவர். ஆனால் பலர் பதவியை வைத்துக்கொண்டதோடு சரி, சொற்பொழிவு ஆற்றவில்லை. 1788 முதல் பதவியில் இருந்த ஜான் ஹெயில்ஸ்டோன் சேகரிப்பை அக்கறையோடு பேணினார். 1818இல் அவர் திருமணம் செய்துகொண்டதால் உயிலின்படி பதவி விலக நேர்ந்தது.

ஆடம் செட்ஜ்விக்

அந்தக் காலியிடத்துக்கு நடந்த தேர்தலில் 59க்கு எதிராக 186 வாக்குகள் பெற்று வென்றவர் ஆடம் செட்ஜ்விக் (1785–1873). யார்க்‌ஷயரின் டென்ட் என்னும் மலைச் சிற்றூரில் பாதிரியார் மகனாகப் பிறந்தவர், கணிதம் படித்தவர், நிலவியலில் முன்பயிற்சி இல்லாதவர். பதவிக்கு வந்தபின் கோடை விடுமுறைகளில் சுத்தியலோடு மலையேறிக் கற்றார். இறக்கும்வரை 55 ஆண்டுகள் பதவியில் இருந்தார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

வட வேல்ஸின் பழம்பாறைகளை ஆராய்ந்து 1835இல் ‘கேம்பிரியன்’ என்னும் காலப்பிரிவை வகுத்தவர் இவரே. ராட்ரிக் மர்ச்சிசனோடு சேர்ந்து 1839இல் ‘டெவோனியன்’ காலத்தை அறிமுகப்படுத்தினார். பின்னர் கேம்பிரியன் எங்கே முடிகிறது, மர்ச்சிசனின் சிலூரியன் எங்கே தொடங்குகிறது என்பதில் இருவருக்கும் பகை மூண்டது. இருவருமே மறைந்தபின், 1879இல் சார்லஸ் லாப்வொர்த், தகராறில் இருந்த அடுக்குகளைப் பிரித்து ‘ஆர்டோவிசியன்’ என்று பெயரிட்டு வழக்கை முடித்துவைத்தார்.

1831 ஆகஸ்டில் செட்ஜ்விக் வேல்ஸுக்குக் களப்பயணம் போனபோது இருபத்திரண்டு வயது சார்லஸ் டார்வினை உடன் அழைத்துச் சென்றார். அந்தப் பயணம் முடிந்து வீடு திரும்பிய டார்வினுக்கு, பீகிள் கப்பலில் செல்லும் வாய்ப்பைத் தெரிவிக்கும் கடிதம் காத்திருந்தது. பாறையைப் படிக்கக் கற்பித்த ஆசிரியர், 1859இல் டார்வினின் பரிணாமக் கொள்கை வெளிவந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தார் என்பதும் வரலாறு.

தரமான சேகரிப்பு, அதை வைக்கத் தக்க கட்டடம், கேட்க விரும்பும் மாணவர் கூட்டம் என்ற மூன்று ஆசைகளோடு பதவிக்கு வந்ததாகச் செட்ஜ்விக் முதுமையில் குறிப்பிட்டிருக்கிறார். சேகரிப்பைப் பெருக்க அவர் நன்கொடை திரட்டினார், சொந்தப் பணமும் போட்டார். லைம் ரீஜிஸ் கடற்கரையில் புதைபடிவம் தோண்டி விற்றுப் பிழைத்த மேரி ஆனிங்கிடமிருந்து (1799–1847) இக்தியோசர் என்னும் கடல் ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகளை வாங்கினார்.

கட்டடம்

1842 முதல் சேகரிப்பு பல்கலைக்கழகத்தின் காக்கரெல் கட்டடத்தில் இருந்தது. விரைவிலேயே இடம் போதவில்லை. செட்ஜ்விக்கின் மறைவுக்குப் பிறகு அவருக்குச் சிலை வைப்பதோடு நிற்காமல், புதிய அருங்காட்சியகமே கட்டுவதென முடிவாயிற்று. நிதியும் இடமும் கூடிவர முப்பது ஆண்டுகள் ஆயின. செட்ஜ்விக் வகித்த பதவிக்கு அடுத்து வந்த பேராசிரியர் தாமஸ் மெக்கென்னி ஹியூஸ் விடாமல் முயன்றதன் பலனாக, டி. ஜி. ஜாக்சன் வடிவமைத்த இப்போதைய கட்டடத்தை 1904 மார்ச் 1 அன்று மன்னர் ஏழாம் எட்வர்ட் திறந்துவைத்தார். உட்வர்டின் பெயர் பேராசிரியர் பதவியில் இன்றும் தொடர்கிறது. அருங்காட்சியகம் செட்ஜ்விக் பெயருக்கு மாறியது. முற்றத்துப் படிக்கட்டின் இருபுறமும் கரடிகளும் காட்டெருமைகளும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. 1980இல் பல்கலைக்கழகத்தின் நிலவியல், கனிமவியல், புவி இயற்பியல் துறைகள் ஒன்றாகிப் புவி அறிவியல் துறை உருவானது.

காட்சிக்கூடம்

காட்சிக்கூடம் முதல் தளத்தில் நீண்ட அறையாக அமைந்துள்ளது. கண்ணாடிப் பேழைகள் காலவரிசையில் நிற்கின்றன. அறையின் நீளத்தை நடந்து கடந்தால் 55 கோடி ஆண்டு உயிர் வரலாற்றைக் கடந்ததாகும்.

முதலில் கண்ணில் படுவது இகுவானடான் டைனோசரின் எலும்புக்கூடு. இது பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் 1878இல் கிடைத்த எலும்புகளின் வார்ப்பு. வாலைத் தரையில் ஊன்றி, கங்காருவைப் போல நிமிர்ந்து நிற்கிறது. முதுகைத் தரைக்கு இணையாக வைத்து, வாலைத் தூக்கிப் பிடித்தபடிதான் அந்த விலங்கு நடந்திருக்கும் என்பது இன்றைய முடிவு. கையின் பெருவிரலில் கூரிய முள் ஒன்று தெரியும். தொடக்கத்தில் அந்த முள் தனியாகக் கிடைத்தபோது மூக்குக் கொம்பு என்று கருதினார்கள். முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகே அது கைக்கு வந்து சேர்ந்தது. ஆகவே இந்த வார்ப்பு டைனோசரை மட்டுமல்லாமல், 19ஆம் நூற்றாண்டு அதை எப்படிப் புரிந்துகொண்டது என்பதையும் காட்டுகிறது.

கேம்பிரிட்ஜுக்குத் தென்மேற்கே உள்ள பாரிங்டன் கிராமத்தில் கிடைத்த நீர்யானை மற்றொரு முக்கியக் காட்சி. ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகளுக்கு முன், இரண்டு பனியுகங்களுக்கு இடைப்பட்ட வெப்பக் காலத்தில், இன்றைய கேம்பிரிட்ஜ் வயல்வெளிகளில் நீர்யானைகள் திரிந்தன என்பதற்கு இது கண்முன் நிற்கும் சான்று. ஒரே விலங்கின் எலும்புகள் முழுதாகக் கிடைக்காததால் பல விலங்குகளின் எலும்புகளைச் சேர்த்துப் பொருத்தியுள்ளனர்.

கனிமங்களும் மணிக்கற்களும் தனிக்கூடத்தில் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் இங்கே கனிமவியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹியூவெலின் பெயர் அந்தக் கூடத்துக்கு இடப்பட்டுள்ளது.

குறிப்பிடத்தக்க சேகரிப்புகள்

உட்வர்ட் அலமாரிகள்: முந்நூறு ஆண்டுப் பழமையான அலமாரிகள், அவற்றின் இழுப்பறைகள், உள்ளிருக்கும் கற்கள், கையெழுத்துப் பட்டியல் எல்லாம் ஒருசேரத் தப்பிப் பிழைத்திருப்பது அரிது. இவற்றுள் சிசிலியைச் சேர்ந்த ஓவியர் அகோஸ்தினோ சில்லாவின் புதைபடிவங்களும் அவர் கைப்பட வரைந்த படங்களும் அடங்கும். கல்லாகிக் கிடக்கும் சுறாப் பற்கள் இயற்கையின் விளையாட்டாகப் பாறையில் தாமாக முளைத்தவை அல்ல, உண்மைச் சுறாக்களின் பற்களே என்று 1670இல் நூல் எழுதி நிறுவ முயன்றவர் சில்லா. அவர் கண்ணெதிரே வைத்து வரைந்த அதே பல்லையும், வரைந்த படத்தையும் இன்று பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.

கேம்பிரிட்ஜ் பசுமணல் புதைபடிவங்கள்: 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கேம்பிரிட்ஜ்‌ஷயர் வயல்களுக்கு அடியில், பசுமணல் என்னும் பாறை அடுக்கில், பாஸ்பேட் நிறைந்த கல்லுருண்டைகள் இருப்பது தெரியவந்தது. அவற்றை அரைத்து, கந்தக அமிலம் சேர்த்து உரமாக்கலாம் என்பதால் ஊர் ஊராகத் தோண்டினார்கள். உரத்துக்காகத் தோண்டிய கூலியாட்களின் மண்வெட்டியில் டெரோசர் என்னும் பறக்கும் ஊர்வன, கடல் ஊர்வன ஆகியவற்றின் எலும்புகள் சிக்கின. ஏராளமானவை இங்கே வந்தன. செட்ஜ்விக்கின் உதவியாளர் ஹாரி சீலி அவற்றைப் பட்டியலிட்டு, 1870இல் டெரோசர்கள் பற்றித் தனி நூல் எழுதினார். டைனோசர்களை இடுப்பெலும்பின் அமைப்பைக் கொண்டு இரு பெரும் பிரிவாக 1887இல் பகுத்தவரும் இவரே.

பீகிள் பாறைகள்: 1831 முதல் 1836 வரை நடந்த பயணத்தில் டார்வின் சேகரித்த ஏறத்தாழ 2,000 பாறை, கனிம மாதிரிகள் இங்கே உள்ளன. பாறையியலர் ஆல்ஃபிரட் ஹார்க்கர் அவற்றைப் பட்டியலிட்டார். டார்வின் அந்தப் பயணத்தில் தன்னை முதன்மையாக நிலவியலாளர் என்றே கருதினார் என்பதை, டார்வின் பற்றிய காட்சிப் பகுதி மாதிரிகளைக் கொண்டே விளக்குகிறது.

கிராப்டோலைட்டுகள்: பென்சில் கோடு போலப் பாறையில் பதிந்திருக்கும் கிராப்டோலைட் என்னும் கடலுயிர்களைக் கொண்டு பழம்பாறைகளின் வயதைத் துல்லியமாகப் பிரிக்கலாம். கேம்பிரிட்ஜில் பயின்ற கெர்ட்ரூட் எல்ஸ், எத்தெல் வுட் ஆகிய இருவரும் லாப்வொர்த்தின் மேற்பார்வையில் 1901 முதல் 1918 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ஆய்வேடு அத்துறையின் அடிப்படை நூலாயிற்று. பெண்கள் தேர்வில் வென்றாலும் கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் தராத காலம் அது.

கட்டடக் கற்கள்: ஜான் வாட்சன் திரட்டிய கட்டடக் கல் மாதிரிகளின் பட்டியல் 1911இல் நூலாக வெளிவந்தது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்போர் ஒத்த கல்லைத் தேடும்போது இத்தகைய மாதிரிகள் உதவுகின்றன.

ஆய்வில் பங்கு

காட்சியில் இருப்பது சேகரிப்பில் மிகச் சிறு பகுதியே. எஞ்சியவை இழுப்பறைகளிலும் கிடங்கிலும் ஆய்வுக்காகக் காக்கப்படுகின்றன. 1931 முதல் 1968 வரை காப்பாளராக இருந்த ஏ. ஜி. பிரைட்டன் லட்சக்கணக்கான மாதிரிகளைத் தம் கையால் பட்டியலிட்டார். ஒரு கல்லை முதன்முதலில் விவரித்த கட்டுரை எது, கல் எந்த இழுப்பறையில் உள்ளது என்பதை இன்று கண்டுபிடிக்க முடிவதற்கு அந்த உழைப்பே காரணம்.

பட்டியலும் சேமிப்பும் எதற்குப் பயன்படும் என்பதற்கு ஒரு நிகழ்வு சான்று. 1970இல் கிழக்குக் கிரீன்லாந்துக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் நிலவியல் மாணவர் ஒருவர் அங்கே கண்ட எலும்புகளைக் குறிப்பேட்டில் பதிந்து, சில கற்களைக் கொண்டுவந்தார். அவை நிலவியல் துறையில் பல ஆண்டுகள் கிடந்தன. 1980களில் தொல்லுயிரியலாளர் ஜெனி கிளாக் அவற்றைப் பார்த்து, அவை அகாந்தொஸ்டெகா என்னும் தொல் நாற்கால் விலங்கின் எலும்புகள் என்று கண்டுகொண்டார். குறிப்பேடு காட்டிய மலைச்சரிவுக்கே 1987இல் சென்று முழுமையான மாதிரிகளை எடுத்துவந்தார். ஏறத்தாழ 36.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த விலங்கின் முன்காலில் எட்டு விரல்கள் இருந்தன. முதுகெலும்பிகள் கரையேறிய பிறகுதான் விரல்கள் தோன்றின, அவையும் ஐந்தே என்ற பழைய எண்ணம் இதனால் மாறியது.

1966இல் உட்வர்ட் பேராசிரியரான ஹாரி விட்டிங்டன், கனடாவின் பர்ஜஸ் ஷேல் புதைபடிவங்களைத் தம் மாணவர்கள் டெரெக் பிரிக்ஸ், சைமன் கான்வே மோரிஸ் ஆகியோருடன் மறு ஆய்வு செய்தார். ஐந்து கண்களும் தும்பிக்கை போன்ற உறுப்பும் கொண்ட ஒபாபினியாவின் படத்தை அவர் ஒரு கூட்டத்தில் காட்டியபோது அவையோர் சிரித்துவிட்டனர். 1975இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தபின் கேம்பிரியன் கால உயிர்ப் பெருக்கம் பற்றிய விவாதம் புதிய திசையில் சென்றது.

பார்வையாளர்களுக்கு

அருங்காட்சியகம் டவுனிங் தெருவில், நகர மையத்திலிருந்து சில நிமிட நடைத் தொலைவில் உள்ளது. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் கேம்பிரிட்ஜை அடையலாம். அங்கிருந்து நடந்தோ பேருந்திலோ வரலாம். வழக்கமாகத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 10 முதல் பிற்பகல் 1 வரையும், 2 முதல் 5 வரையும் திறந்திருக்கும், சனிக்கிழமை 10 முதல் 4 வரை, ஞாயிறு விடுமுறை. வளாகம் பல்கலைக்கழகத்தின் விடுமுறைகளைப் பின்பற்றுவதால் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் காலங்களில் முன்கூட்டிக் கேட்டுச் செல்வது நல்லது. தனியாக வருவோர் பல்கலைக்கழகத்தாராக இருக்கத் தேவையில்லை. பள்ளிக் குழுக்கள் முன்பதிவு செய்ய வேண்டும்.

ஒருமுறை சுற்றிவர ஒரு மணி நேரம் போதும். லேபிள்களைப் படித்து நிதானமாகப் பார்ப்பவர்களுக்கு அரை நாள் வேண்டும். அதே டவுனிங் வளாகத்தில் தொல்லியல் மானிடவியல் அருங்காட்சியகமும், தெருவுக்கு எதிரே விலங்கியல் அருங்காட்சியகமும் உள்ளன. அவற்றுக்கும் கட்டணம் இல்லை. அகாந்தொஸ்டெகாவைப் பார்க்க விரும்புவோர் விலங்கியல் அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டும். காட்சியில் இல்லாத மாதிரிகளை ஆய்வாளர்கள் காப்பாளரிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பார்க்கலாம்.