அமாசிக் மக்கள்: கல்லெழுத்தும் வாய்ப்பாட்டும்

1980ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் அல்ஜீரிய நாட்டின் திசி உசு நகரப் பல்கலைக்கழகத்தில் ஓர் இலக்கியப் பொழிவு நிகழவிருந்தது. பேசவிருந்தவர் எழுத்தாளர் மௌலூத் மம்மெரி; பொருள், பண்டைக் கபிலிப் பாடல்கள். அதிகாரிகள் அதனைத் தடை செய்தனர். பழம்பாட்டைப் பற்றிய பேச்சுக்கு ஓர் அரசு ஏன் அஞ்ச வேண்டும்? அதனை அறிய, அப்பாட்டுக்குரிய மக்களின் நெடுவரலாற்றிற்குள் புகுதல் வேண்டும்.

கபிலியர், பெர்பர் என உலகம் வழங்கும் மக்களுள் ஒரு பிரிவினர். பெர்பர் என்பது பிறர் இட்ட பெயர். தம்மொழி அறியாதாரைக் கிரேக்கர் சுட்டிய சொல்லின் வழிவந்தது அது என்பர். அம்மக்களோ தம்மை இமாசிகன் என்கின்றனர். அதன் ஒருமை அமாசிக். உரோமரும் அரபியரும் வருமுன்னரே வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த தொல்குடியினர் இவர்கள்.

அவர்களுக்கு எழுத்தும் இருந்தது. துனிசியாவின் துக்கா நகரில் 21 மீட்டர் உயரமுள்ள கல்லறைக் கோபுரம் ஒன்று நிற்கிறது, கி.மு. 2ஆம் நூற்றாண்டினது. அதன் கல்வெட்டு, கார்த்தேசியரின் பியூனிக் மொழியிலும் பண்டை லிபிய மொழியிலும் பொறிக்கப்பட்டது. பெர்பர் மக்களின் பழைய எழுத்தைப் படிப்பதற்குத் திறவுகோலாக அமைந்தது இக்கல்லே. அதில் விரிந்து கிடப்பது மன்னர் புகழன்று. கல்லிலும் மரத்திலும் இரும்பிலும் பணிசெய்தாரின் பெயர்கள். 1842இல் பிரித்தானியத் தூதர் தாமஸ் ரீடு அக்கல்லைப் பெயர்த்தெடுக்க வேண்டிக் கோபுரத்தையே சிதைத்தார். ஒரு கல்வெட்டைக் காக்க ஒரு கட்டடத்தை அழிக்கும் ஆராய்ச்சி ஆர்வத்தை என்னென்பது! கோபுரம் 1908 முதல் 1910 வரை மீண்டும் எடுத்துக் கட்டப்பட்டது. கல் இலண்டனிலேயே தங்கிவிட்டது.

எழுத்திருந்தும், நூல் யாக்கப் புகுந்தபோது இம்மண்ணின் மைந்தர் பிறமொழிகளையே கைக்கொண்டனர். தம்மைப் பாதி நுமிதியர், பாதி கெத்துலியர் எனக் கூறிக்கொண்ட அப்புலேயசு இலத்தீனில் எழுதினார். 11ஆம் நூற்றாண்டில் மராகேசு நகரை நிறுவிய அல்மொராவிதுகள் பெர்பர் குலத்தவரே. அந்நகரின் பெரிய பள்ளிவாசலுக்குக் குத்துபியா என்று பெயர். அருகே நூல் விற்போர் கடை விரித்திருந்தமையால் வந்த பெயர் அது. ஆயினும் அறிவுலகின் மொழியாக அங்கு ஓங்கியது அரபு. அல்ஜீரியாவின் மிசாப் பள்ளத்தாக்கிலும் பெர்பர் மக்கள் ஐந்து நகரங்களை எழுப்பினர்: உச்சியில் பள்ளிவாசல், சுற்றிலும் வளையம் வளையமாக வீடுகள், புறத்தே மதில். 1982இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பழைய கல்லெழுத்தின் வழிவந்த திஃபினாக், சகாராவின் துவாரெக் மக்களிடம் பாறைக் கீறல்களாகவும் சிறு செய்திகளாகவும் உயிர்தாங்கியிருந்தது.

மொழியை முழுமையாகக் காத்தது நாவே. கபிலி மலைநாட்டின் பெரும் பாவலர் சி மொஹாந்த். பிரெஞ்சுப் படை 1857இல் கோட்டை கட்டுவதற்காக அவர்தம் ஊரை அழித்தது. 1871ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் தந்தை கொல்லப்பட்டார்; குடும்பச் சொத்து பறிக்கப்பட்டது. நாடோடியான அவர், ஒன்பதடிப் பாக்களைப் பாடித் திரிந்து 1905இல் மறைந்தார். முதலிரண்டடி ஓர் இயைபும் மூன்றாமடி வேறோர் இயைபும் பெற, அவ்வமைப்பு மும்முறை வருவது அப்பா. ஒருமுறை பாடியதை மறுமுறை பாடுவதில்லை என்று அவர் நோன்பு பூண்டிருந்ததாகச் சொல்வர். ஆகவே கேட்டார் நெஞ்சில் பதிந்தவையே எஞ்சின. அவற்றைப் பூலிஃபா 1904இலும், மௌலூத் ஃபெரவூன் 1960இலும், மம்மெரி 1969இலும் நூலாக்கினர்.

1962இல் விடுதலை பெற்ற அல்ஜீரியா அரபு ஒன்றையே ஆட்சிமொழியாகக் கொண்டது. அந்நியராட்சியில் ஒடுக்கப்பட்ட அரபுக்கு ஏற்றம் தந்தது முறையே. உடன்பிறந்த மற்றொரு மொழியை மறுத்ததுதான் பிழை. பாட்டுக்கு இலக்கியத் தகுதி உண்டெனின் அது வழங்கும் மொழிக்கும் தகுதி உண்டென்றாகும். பொழிவைத் தடுத்தோர் இதனை நன்குணர்ந்தே தடுத்தனர் எனல் வேண்டும்.

மாணவர் கிளர்ந்தனர், பல்கலைக்கழகத்தைத் தம் வயப்படுத்தினர். ஏப்பிரல் 20 அன்று படையினர் உள்ளே புகுந்தனர். பலர் காயமுற்றனர், பலர் சிறைப்பட்டனர். பெர்பர் வசந்தம் என்று பின்னர் பெயர்பெற்ற எழுச்சி இதுவே. 2001இல் காவற்படையினரின் பிடியிலிருந்த மாணவன் ஒருவன் சுடப்பட்டு இறக்க, மூண்ட கலவரங்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மாணவன் பெயர் மசினிசா, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் துக்கா மக்கள் கோயில் எடுத்துப் போற்றிய நுமிதிய மன்னனின் பெயர்.

மொராக்கோ 2003இல் திஃபினாக்கைப் பள்ளிக்குரிய எழுத்தாக ஏற்று, 2011இல் அமாசிக் மொழியை ஆட்சிமொழியாக்கியது. அல்ஜீரியா 2002இல் அதனைத் தேசிய மொழியென்றும், 2016இல் ஆட்சிமொழியென்றும் அறிவித்தது. எந்த எழுத்தில் எழுதுவது என்னும் வழக்கு அங்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. மம்மெரி 1989இல் சாலை விபத்தொன்றில் உயிர்நீத்தார். அவர் வாய்திறக்கத் தடை விதிக்கப்பட்ட திசி உசுப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.