நாற்பது கால் பூச்சி: ஒரு சிப் மாற்றிய கதை



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டபோது, ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் ஒரு செய்தி வந்தது. நம் துறையின் ஸ்டோர் ரூமைக் காலி செய்யப் போகிறார்களாம். அங்கே தூசி படிந்து கிடக்கும் பழைய பிசி-எக்ஸ்டி கணிப்பொறியும் எடைக்குப் போகிறதாம். மனசு கேட்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் என் பாவக்கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது.

முதலில் சரித்திரம். ஐ.பி.எம். தனது பர்சனல் கம்ப்யூட்டரை 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிமுகம் செய்தது. அதன் மூளை இன்டெல் 8088. வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். இதென்ன ஐந்தும் இல்லாத நாலரையும் இல்லாத கணக்கு என்று நாங்கள் அன்று கேட்டதுண்டு. போர்டில் இருந்த படிகம் 14.318 மெகாஹெர்ட்ஸ். அதை மூன்றால் வகுத்தால் பிராசஸருக்கு 4.77, நான்கால் வகுத்தால் அமெரிக்க கலர் டி.வி.க்கு வேண்டிய 3.58. ஒரே படிகத்தில் இரண்டு வேலை. நம் வீட்டுச் சிக்கனம்தான்!

அந்த 8088-ஐ போர்டில் பற்றவைத்துவிடாமல் ஒரு சாக்கெட்டில் செருகியிருந்தார்கள். பக்கத்திலேயே காலியாக இன்னொரு சாக்கெட். தசமக் கணக்குகளை விரைவாகப் போடும் 8087 என்ற துணைச் சிப்பை வேண்டியவர்கள் பிறகு வாங்கிப் பொருத்திக்கொள்ள விட்ட இடம் அது. ஆக, பெட்டியைத் திறந்து சிப்பை மாற்றலாம் என்ற எண்ணத்துக்கு அந்தப் போர்டிலேயே வழி இருந்தது.

வழியைப் பயன்படுத்திக்கொண்டது ஜப்பானின் என்.இ.சி. கம்பெனி. 1984-ல் வி20 என்ற சிப் வந்தது. அதே நாற்பது கால், அதே வரிசை. 8088-ஐக் கழற்றிவிட்டு இதைச் செருகினால் வேறு எதையும் தொடவேண்டாம். உள்ளே மட்டும் ஆள் வேறு. 8088-ல் சுமார் 29,000 டிரான்சிஸ்டர்கள், வி20-ல் சுமார் 63,000. 16 பிட் எண்கள் இரண்டைப் பெருக்க 8088-க்கு நூறு துடிப்புக்கு மேல் ஆகும், வி20 முப்பதில் முடித்துவிடும். நினைவகத்தில் எந்த இடம் என்று கணக்கிடுவதற்கும் தனிச் சுற்று வைத்திருந்தார்கள். ஆகவே அதே 4.77 மெகாஹெர்ட்ஸிலேயே வேலை சீக்கிரம் நடந்தது.

இன்டெல் சும்மா இருக்குமா? சிப்புக்குள் இருக்கும் நுண்கட்டளைகளை, அதாவது மைக்ரோகோடை, நகலெடுத்துவிட்டார்கள் என்று வழக்கு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. மைக்ரோகோடுக்குப் பதிப்புரிமை உண்டு என்று 1986-ல் ஒரு நீதிபதி சொன்னார். அவர் உறுப்பினராக இருந்த முதலீட்டுக் குழுவிடம் இன்டெல் பங்கு கொஞ்சம் இருந்தது தெரியவந்ததும் வழக்கு வேறு நீதிபதியிடம் மாறியது. 1989 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. மைக்ரோகோடுக்குப் பதிப்புரிமை உண்டு, ஆனால் என்.இ.சி. நகலெடுக்கவில்லை. ஒரு பக்கத்துக்குக் கொள்கையில் வெற்றி, மறுபக்கத்துக்கு வழக்கில் வெற்றி!

அதே 1989-ல் நம் லேபில் நடந்தது இது. இறுதியாண்டு பிராஜெக்டுக்கு நாங்கள் எழுதிய டர்போ பாஸ்கல் புரோகிராம் ஒருமுறை ஓட நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டது. ஹார்டு டிஸ்க் உள்ள பெட்டி ஒன்றே ஒன்று, அதற்கு முன் எப்போதும் க்யூ. சென்னைக்கு இன்டர்வியூவுக்குப் போன நண்பன் ரிச்சி தெருவில் ஒரு வி20 வாங்கி வந்தான். மூன்று பேர் மெஸ் பணத்தில் மிச்சம் பிடித்த காசு. துறைத் தலைவரிடம் கேட்டால் விடமாட்டார் என்பதால் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் லேபில் இருந்தவர் லேப் அட்டெண்டர் அண்ணன் மட்டும். "தம்பி, வேணாம்ப்பா, ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்றார். "அண்ணே, அஞ்சு நிமிஷம்தாண்ணே" என்றேன். ஸ்க்ரூ டிரைவரை ஒரே பக்கம் விட்டு நெம்பினேன். பழைய 8088 ஒரு முனையில் தூக்கிக்கொண்டு வந்தது. மறுமுனையில் இரண்டு கால் மடங்க, நிமிர்த்தப் பார்த்ததில் ஒன்று ஒடிந்தே போனது. பிரம்மாஸ்திரம் விட்டாச்சு, இனித் திரும்பக் கூப்பிட முடியாது! கை நடுங்க, பள்ளம் பள்ளத்துக்கு நேராக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்து, வி20-ஐ அழுத்தினோம். ஸ்விட்ச் போட்டோம். மெமரி எண்ணிக்கை ஓடியது. மூச்சு வந்தது.

நாற்பது நிமிஷ புரோகிராம் முப்பதில் முடிந்தது. ஆனால் டிபேஸில் ரெக்கார்டு தேடுவதில் ஒரு வித்தியாசமும் இல்லை. அங்கே காக்கவைத்தது பிராசஸர் அல்ல, டிஸ்க். எங்கே தடை என்று பார்க்காமல் காசைக் கொட்டினால் பலன் இல்லை என்ற பாடத்தை எந்த வகுப்பிலும் இவ்வளவு தெளிவாக நான் கற்றதில்லை.

திங்கட்கிழமை விஷயம் வெளியே வந்தது. கால் ஒடிந்த சிப்பைக் கையில் வைத்துக்கொண்டு துறைத் தலைவர் "யார் பண்ணது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அட்டெண்டர் அண்ணன், "நான்தான் சார், தூசி தட்டும்போது" என்றார். அவருக்கு மெமோ கொடுத்தார்கள். எனக்குக் கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கிக்கொண்டிருந்தது. நான் சும்மா இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சிப் மாற்றுவது பெரிய வியாபாரமாகவே ஆனது. 1991-ல் இன்டெல் 486எஸ்எக்ஸ் விற்றபோது, துணைச் சிப் என்று 487எஸ்எக்ஸ் ஒன்றையும் விற்றது. உண்மையில் அது முழுமையான 486. செருகியதும் பழைய சிப்பைத் தூங்கவைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே பார்க்கும். 1992-ல் வந்த ஓவர்டிரைவ் சிப்கள் வெளியே 25 மெகாஹெர்ட்ஸ், உள்ளே 50 என்று இரட்டை வேகத்தில் ஓடின. அதே ஆண்டு சைரிக்ஸ் கம்பெனியின் 486டிஎல்சி 386 சாக்கெட்டிலேயே உட்கார்ந்தது. 1995-ல் ஏ.எம்.டி.யின் 5எக்ஸ்86, 33 மெகாஹெர்ட்ஸ் போர்டில் உள்ளே 133-ல் ஓடியது. கைப்பிடியைத் தூக்கினால் சிப் தானே விடுபடும் சாக்கெட்டுகளும் பரவின. என் ஸ்க்ரூ டிரைவருக்கு வேலை இல்லாமல் போனது, கொஞ்சம் தாமதமாக!

ஆனால் எல்லாவற்றிலும் அதே கதைதான். உள்ளே எவ்வளவு ஓடினாலும் மெமரியும் டிஸ்க்கும் பழைய வேகத்திலேயே காக்கவைத்தன. போர்டுகள் விலை இறங்க இறங்க, சிப்பை மட்டும் மாற்றுவதைவிடப் போர்டோடு மாற்றுவதே லாபமாயிற்று. இன்றைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் பிராசஸரைப் போர்டோடு பற்றவைத்தே அனுப்புகிறார்கள். மாற்ற நினைத்தாலும் வழி இல்லை.

சென்ற மாதம் ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வி20 அப்படியே இருக்கிறது. உள்மூலையில் டேப் போட்டு ஒட்டிய ஒரு தீப்பெட்டி. அதற்குள் சிகரெட் தாளில் சுற்றி, கால் ஒடிந்த அந்த 8088. ஒடிந்த காலும் கூடவே. அண்ணன்தான் வைத்திருக்க வேண்டும். அவர் இன்று இல்லை. ஒரு மன்னிப்புக்கூட நான் கேட்டதில்லை.

பொதுக்குழுவில் நான் கேட்கப் போவது இதுதான். அந்தப் பெட்டியை எடைக்குப் போடவேண்டாம். ஒரு கண்ணாடி அலமாரி போதும், செலவு என்னுடையது. பழமைக்காக வேறு 8088 தேடிப் பொருத்தவும் வேண்டாம். வி20 இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், தீப்பெட்டி பக்கத்தில் இருக்கட்டும். கீழே எழுதும் அட்டையில் அண்ணனின் பெயர் இருக்கட்டும்.

தம்பி தங்கைகளே, நீங்களும் ஒருநாள் எதையாவது திறப்பீர்கள். திறக்கத்தான் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறி மெதுவாக நெம்புங்கள். ஒடிந்துவிட்டால், "நான்தான் சார்" என்று நீங்களே சொல்லுங்கள்.