செலவு, உரிமை, வேலை, கூலி: அமெரிக்கச் சுயேச்சைப் பத்திரிகையாளரின் சட்ட வரலாறு

அமெரிக்கச் சிற்றூரின் பள்ளிக் கூடைப்பந்தாட்டம், நகர மன்றக் கூட்டம், மூடப்படும் ஆலை ஆகியவற்றைப் பற்றி எழுதுபவர் பத்திரிகையின் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதில்லை. அச்சேறிய செய்தியை அங்குலக் கணக்கில் அளந்து கூலி கொடுக்கும் வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. இத்தகைய சுயேச்சைப் பத்திரிகையாளர்களைச் சட்டம் எவ்வாறு நடத்தியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அவர்கள் யார் என்று வரையறுக்க முயன்ற சட்டத்தைவிட, அவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் குறிவைத்த சட்டமே அவர்களது நிலைக்குப் பொருந்தி வந்தது என்பது இதன் வாதம்.

செலவை ஏற்பவர்

1891இல் பாரிஸ் சென்ற பத்திரிகையாளர் ஐடா டார்பெல், அமெரிக்க நாளிதழ்களுக்குக் கட்டுரைகள் அனுப்பியே அங்கு வாழ்ந்தார். ஆனால் அவருக்குப் புகழ் தந்த ஸ்டாண்டர்ட் ஆயில் தொடர், 1902 முதல் 1904 வரை, அவர் ‘மெக்ளூர்ஸ்’ இதழின் ஊழியராக இருந்தபோது வெளிவந்தது. ஆண்டுக்கணக்கில் ஆவணங்களைத் தேடிப் படிக்கும் செலவை இதழே ஏற்றது. 1911இல் உச்ச நீதிமன்றம் அந்த எண்ணெய் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது.

1969இல் சுயேச்சைப் பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷின் நிலை வேறு. வியட்நாமில் அமெரிக்கப் படையினர் நடத்திய மை லாய் படுகொலையைத் துப்புத் துலக்கிய அவருக்குப் பின்னால் எந்தப் பத்திரிகையும் இல்லை. புலனாய்வு இதழியல் நிதியம் முதலில் 250 டாலரும் பின்னர் 2,000 டாலரும் அளித்தது. ‘லைஃப்’, ‘லுக்’ ஆகிய பேரிதழ்கள் மறுத்த செய்தியை, டிஸ்பாட்ச் என்ற சிறு செய்தி முகமை நாளிதழ்களுக்கு விற்றது. மறு ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. வெளியிலிருந்து எழுதுபவராலும் நாட்டை உலுக்க முடியும் என்பதற்கு இது சான்று. வேலை தொடங்கும்போது அந்தச் செலவுக்குப் பத்திரிகை எதுவும் பொறுப்பேற்கவில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது.

எழுத்துக்கு உரியவர்

1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சுயேச்சை எழுத்தாளருக்குச் சாதகமாக இருந்தது. எழுத்து மூலம் உரிமையை மாற்றிக் கொடுத்தாலொழிய, கட்டுரை அவருடையதே. இதழ் அதைத் தன் தொகுப்பில் வெளியிடலாம், அவ்வளவே. கணினித் தரவுத்தளங்கள் வந்ததும் இந்த எல்லை சோதனைக்குள்ளானது. தேசிய எழுத்தாளர் சங்கத் தலைவர் ஜோனத்தன் டாசினியும் மற்ற எழுத்தாளர்களும், தங்கள் கட்டுரைகள் அனுமதியின்றித் தரவுத்தளங்களில் சேர்க்கப்பட்டதை எதிர்த்து 1993இல் வழக்குத் தொடுத்தனர். விவாதத்துக்குள்ளான 21 கட்டுரைகளில் 12 ‘நியூயார்க் டைம்ஸி’லும், 8 ‘நியூஸ்டே’யிலும், ஒன்று ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்ட’டிலும் வந்தவை. 2001 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் எழுத்தாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் அதை எழுதினார்.

வெற்றி முழுமையானதாக இல்லை. ‘டைம்ஸ்’ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய கட்டுரைகளைத் தரவுத்தளங்களிலிருந்து நீக்க முற்பட்டது. எல்லா உரிமைகளையும் முன்கூட்டியே எழுதி வாங்கும் ஒப்பந்தங்கள் தீர்ப்புக்கு முன்பே பரவியிருந்தன. சட்டம் தந்த உரிமையைக் கையெழுத்து எடுத்துக்கொண்டது. பேரம் பேசும் வலுவில்லாதவருக்குச் சொத்துரிமை மட்டும் காப்பாகாது என்பதை இந்த வழக்கு காட்டியது.

வேலைக்காரரா, ஒப்பந்தக்காரரா

கலிஃபோர்னியாவின் ஏபி 5 சட்டம் வேறு வழியைப் பிடித்தது: ஒப்பந்தத்தில் வேலை செய்வோரில் பலரை ஊழியராகக் கருத வேண்டும் என்றது. ஊபர், லிஃப்ட் போன்ற நிறுவனங்களின் ஓட்டுநர்களை முக்கியமாக மனத்தில் வைத்து எழுந்த இச்சட்டம் 2020 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரே வெளியீட்டாளருக்கு ஆண்டுக்கு 35 படைப்புகளுக்கு மேல் தரும் பத்திரிகையாளர், சுயதொழில் செய்பவருக்கான விலக்கை இழப்பார் என்றது. வாரம் ஒரு விளையாட்டுப் பத்தி எழுதுபவர் செப்டம்பர் தொடக்கத்திலேயே அந்த எண்ணிக்கையை எட்டிவிடுவார். விளைவு உடனே தெரிந்தது. 2019 டிசம்பரில் வாக்ஸ் மீடியா, தன் எஸ்பி நேஷன் விளையாட்டுத் தளங்களுக்காகக் கலிஃபோர்னியாவில் எழுதிவந்த சுமார் 200 பேருடனான ஒப்பந்தங்களை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அவர்களுக்குப் பதிலாக மிகச் சில ஊழியர்களையே அமர்த்த முன்வந்தது. பத்திரிகையாளர் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. 2020 செப்டம்பரில் ஏபி 2257 என்ற திருத்தச் சட்டம் அந்த வரம்பை நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் செயலி வழி ஓட்டுநர்களும் வாக்கெடுப்பு மூலம் விலக்குப் பெற்றனர்.

இங்கே சட்டத்தின் நோக்கத்தில் குறையில்லை. ஊழியராக்கினால் காப்பீடும் குறைந்தபட்சக் கூலியும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் பல இதழ்களுக்குச் சிறிது சிறிதாக எழுதிப் பிழைப்பவரை ஒவ்வோர் இதழும் ஊழியராக ஏற்கும் என்ற கணிப்புதான் பொய்த்தது.

கூலி கைக்கு வரும் நாள்

நியூயார்க் நகரம் தகுதிநிலை பற்றிய வாதத்தையே ஒதுக்கிவைத்தது. 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த அதன் சட்டத்தின்படி, 800 டாலரும் அதற்கு மேலுமான வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். ஒப்பந்தத்தில் நாள் குறிக்காவிட்டால், வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராதவர் இருமடங்கு இழப்பீடு கட்ட நேரிடும். இதே முறையிலான சட்டம் 2024 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலம் முழுமைக்கும் வந்தது. எழுதுபவரை ஊழியராக்க இது முயல்வதில்லை. ஒப்பந்தம் எழுதினாயா, பணம் கொடுத்தாயா என்பதே கேள்வி.

முடிவுரை

2005 முதல் அமெரிக்காவின் நாளிதழ், வார இதழ்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிட்டன. அலுவலகங்கள் சுருங்கச் சுருங்க, உள்ளூர்ச் செய்தியில் வெளியிலிருந்து எழுதுபவரின் பங்கு முக்கியமாகிறது. கூலியைக் காலத்தில் வாங்கித் தரும் சட்டம் அவருக்கு இன்றியமையாதது. ஆனால் அது கூலியின் அளவை நிர்ணயிப்பதில்லை. ஹெர்ஷுக்குத் தேவைப்பட்டது போன்ற முன்செலவையும் யார்மீதும் சுமத்துவதில்லை. உரிமை, வேலை, கூலி என மூன்றையும் தொட்டுவிட்ட சட்டம், டார்பெல் காலத்தில் இதழ் ஏற்ற அந்த முதற் செலவை இன்னும் தொடவில்லை. புலனாய்வு தேவைப்படும் செய்திகள் மானியத்தையும் எழுதுபவரின் சொந்தச் சேமிப்பையும் நம்பி நிற்பதற்கு அதுவே காரணம்.