கழிக்க மட்டும் தெரிந்த கணினி



"அல்கோரிதம்" என்ற சொல் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். பெருமைதான். ஆனால் 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் அந்த மனிதர் என்ன செய்தார்? ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் 10 மடங்கைக் கூட்டினால் 39, எண் எது? இதற்கு வழி சொன்னதோடு அவர் நிற்கவில்லை. சதுரம் ஒன்றை வரைந்து, நான்கு பக்கமும் செவ்வகங்களை ஒட்டி, குறையும் மூலைகளை நிரப்பி, விடை 3 ஏன் வருகிறது என்று கண்ணுக்குக் காட்டினார்.

நம் பிள்ளைகள் பைதனில் இரண்டு எண்ணைக் கூட்ட ஒரு வரி எழுதுகிறார்கள். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால், "கம்பியூட்டர் கூட்டிச்சு சேர்". அவ்வளவுதான். பிழை அவர்களில் இல்லை, கடந்தகால வினாத்தாளைப் பாடமாக்க வைத்தவர்கள் நாம்தான்.

உள்ளே பார்க்க வேண்டுமென்றால் 1948க்குப் போவது நல்லது. அதற்கு முன் அமெரிக்காவின் எனியாக் இயந்திரத்தில் கணக்கு மாறினால் வயர்களைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிரெடி வில்லியம்ஸ், டொம் கில்பர்ன், ஜெப் டூட்டில் மூவரும் கட்டிய 'பேபி', கட்டளைகளையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் வைத்தது. பெயர்தான் பேபி, அறையை அடைத்து நின்றது. நினைவகமோ 32 வரி, வரிக்கு 32 பிட். பழைய டீவியில் இருந்தது போன்ற ஒரு குழாய்தான் அந்த நினைவகம். அதில் மின்னேற்றப் புள்ளிகள் நொடிக்குள் மங்கிவிடும். மங்குமுன் வாசித்துத் திரும்ப எழுத வேண்டும். ஆளியைத் தட்டிக் கட்டளை கொடுப்பார்கள், 0, 1 எல்லாம் திரையில் புள்ளிகளாகத் தெரியும். மறைவாக எதுவும் இல்லை.

மொத்தம் 7 கட்டளைகள். அதில் கூட்டல் இல்லை! கழித்தல் உண்டு. எண்ணை எடுத்தால் அதன் குறியை மாற்றித்தான் எடுக்கும். அப்படியானால் 5உம் 3உம் எப்படிக் கூட்டுவது? 5ஐ எடு, -5 வரும். 3ஐக் கழி, -8. அதைச் சேமி. சேமித்ததைத் திரும்ப எடு, குறி மாறி 8.

அந்த வருடம் ஜூன் 21இல் கில்பர்னின் செய்நிரல் ஓடியது. 2இன் 18ஆம் வலுவான 262,144இன் மிகப்பெரிய காரணி எது (அந்த எண்ணைத் தவிர்த்து) என்பதே கேள்வி. அரைவாசி என்று தரம் ஆறுப் பிள்ளையே சொல்லிவிடும். இயந்திரம் பிழையின்றி நீண்ட நேரம் ஓடுகிறதா என்று பார்க்கவே அதைக் கொடுத்தார்கள். மேலிருந்து ஒவ்வோர் எண்ணாக இறங்கி, வகுக்கத் தெரியாததால் திரும்பத் திரும்பக் கழித்து, 52 நிமிடத்தில் 131,072 என்றது. ஏறக்குறைய 35 இலட்சம் செயல்கள்!

1950களில் கிரேஸ் ஹொப்பர் போன்றோரின் தொகுப்பிகள் வந்தன. ஆளியைத் தட்டும் வேலை போனது, உள்ளே நடப்பதும் கண்ணிலிருந்து மறைந்தது. இன்று நம் போனிலுள்ள சிப்பில் கதை பெரும்பாலும் தலைகீழ். இருப்பது கூட்டும் சுற்று. கழிக்க வேண்டுமென்றால் கழிக்கும் எண்ணின் பிட்களைப் புரட்டி, 1 சேர்த்து, மற்றதோடு கூட்டிவிடும்.

பிள்ளைகளே, பேபியின் முறையில் 7உம் 6உம் கூட்டி, நான்கு வரியில் கீழே எழுதுங்கள். பெற்றோரும் முயலலாம்.