மாயக்குரல்கள்: தமிழகத்தில் நடந்த ஆய்வுகளின் வரலாறு

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலுக்குள் கீழை வாசலால் நுழைபவர்கள் அதே வழியாகத் திரும்புவதில்லை. வரகுண பாண்டியனின் குதிரைக் காலில் ஓர் அந்தணர் மிதிபட்டு இறந்தார். அந்தப் பாவம் பிரமகத்தியாக அரசனை விடாமல் தொடர்ந்தது. கோயிலுக்குள் மட்டும் அதனால் வர முடியவில்லை. அரசன் மேலை வாசலால் வெளியேறித் தப்பினான் என்கிறது தலபுராணம். கீழை வாசலில் அது இன்னும் காத்திருப்பதாக நம்பிக்கை. சித்தம் கலங்கியவர்களை இங்கே அழைத்துவந்து பிராகாரம் சுற்றவைக்கும் வழக்கமும் இந்தக் கதையை ஒட்டியதே.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் அப்படி வந்த பலரைப் பார்த்திருக்கிறேன். "காதுல யாரோ பேசிக்கிட்டே இருக்காங்களாம்" என்பார்கள் உடன் வந்தவர்கள். என்ன தோஷம், யார் வைத்த செய்வினை என்றெல்லாம் விசாரிப்போம். அந்தக் குரல் என்ன பேசுகிறது என்று மட்டும் நாங்கள் யாரும் கேட்டதில்லை. மருத்துவமும் வெகுகாலம் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

வெளியே பேசுபவர் எவரும் இல்லாதபோது ஒருவர் காதில் தெளிவாகக் கேட்கும் பேச்சே மாயக்குரல். மனச்சிதைவு நோயில் இது மிகுதி. கடும் மனச்சோர்விலும் குடியை நிறுத்திய நாட்களிலும் வரும். நோயில்லாதவர்க்கும் வருவதுண்டு. கணவனை இழந்த மூதாட்டிக்கு அவர் கூப்பிடுவதுபோல் கேட்பது நம் வீடுகளில் அறியாத செய்தியல்ல. 17,000 பேரிடம் விசாரித்து 1894இல் வெளியான ஓர் அறிக்கையில், ஏறத்தாழப் பத்தில் ஒருவர் விழித்திருக்கும்போதே இல்லாத ஒன்றைப் பார்த்ததாகவோ கேட்டதாகவோ தொட்டுணர்ந்ததாகவோ கூறியிருந்தார்கள்.

மனத்துக்குள் நாம் பேசிக்கொள்ளும் பேச்சை "இது என்னுடையது" என்று மூளை அடையாளம் காண்கிறது. அந்த அடையாளம் தவறினால் சொந்தப் பேச்சே பிறர் குரலாகிவிடும் என்பது இதற்கான விளக்கங்களுள் ஒன்று. குரல் கேட்கும் நேரத்தில் மூளையைப் படமெடுத்த லண்டன் ஆய்வாளர்கள், பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதி அப்போது விழிப்படைவதை 1993இல் கண்டனர்.

சென்னையில் மனநோயாளர் இல்லம் 1794இலேயே தொடங்கிவிட்டது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் கூர்ட் ஷ்னைடர் குரல்களை வகைப்படுத்தினார். இருவர் தமக்குள் வாதிடுவதுபோல் கேட்கிறதா, செய்வதையெல்லாம் ஒரு குரல் வர்ணிக்கிறதா, தன் எண்ணமே சத்தமாக ஒலிக்கிறதா என்று பார்க்கும் முறை அது. நோயைக் கண்டறிய அது உதவியது. ஆனால் குரலின் வடிவத்தைக் கேட்டதே தவிர, அது சொல்லும் சேதியைக் கணக்கில் கொள்ளவில்லை.

கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கு 1961 முதல் கண்காணிப்பாளராக இருந்தவர் சாரதா மேனன். ஓய்வுக்குப்பின் 1984இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். இதற்கிடையே, முதன்முறையாக இந்நோய்க்கு ஆளான 90 பேரை 1981 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வும் சென்னையில் தொடங்கியிருந்தது. மருத்துவர் தாராவும் உடன் பணியாற்றியவர்களும் அவர்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பின்தொடர்ந்தனர். நோய் தணிந்து பிழைப்பைப் பார்த்தவர்கள் உண்டு; தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு.

அமெரிக்க மானிடவியலாளர் தான்யா லூர்மன் ஸ்கார்ஃபின் பத்மாவதி முதலியோருடன் சேர்ந்து செய்த ஆய்வு 2015இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வந்தது. கலிபோர்னியாவின் சான் மாட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை என மூன்று ஊர்களில் ஊருக்கு 20 பேர். அனைவரும் மனச்சிதைவு நோயாளிகள். பேசுவது யார், தெரிந்தவரா, நீங்கள் பதில் பேசுவதுண்டா, என்ன சொல்கிறது என்று நிதானமாகக் கேட்டார்கள்.

அமெரிக்கர்கள் தம் குரல்களைப் பெரும்பாலும் நோயின் பெயரால் குறிப்பிட்டனர். யாரென்று தெரியாதவர்கள் மனத்துக்குள் அத்துமீறி நுழைந்து, வெட்டு, குத்து என்று ஏவுவதாகச் சொன்னவர்கள் அதிகம். அக்ராவில் பலருக்குப் பேசியவர் கடவுள். சென்னையிலோ பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல்! தாய், தந்தை, மாமியார், நாத்தனார் என்று வீட்டு மனிதர்களே பேசினார்கள். குளி, சமை, கடைக்குப் போ என்று வேலை ஏவினார்கள். திட்டவும் செய்தார்கள், பெரியவர்கள் புத்தி சொல்வதுபோலவும் சொன்னார்கள். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. மாமியார் ஊரில் இல்லாதபோதும் அவர் குரல் அடுப்பங்கரையில் கேட்பதாக நம் பெண்கள் வேடிக்கையாகச் சொல்வதில்லையா?

இதை வைத்து நம் நாட்டில் நோய் இனிப்பானது என்று பெருமை கொள்வது தவறு. இருபது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. கொடுமையான குரல்கள் சென்னையிலும் இருந்தன. கூசவைக்கும் பாலியல் பேச்சைக் கேட்டு நொந்தவர்களும் இருந்தனர். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. குரல் எழுவது மூளையில் என்றாலும், அது யாராக வருகிறது, என்ன பேசுகிறது என்பதில் வாழும் சூழலுக்கும் பங்கு உண்டு. ஆகவே சேதியைக் கேட்பதும் சிகிச்சையின் பகுதியாகிறது. நெதர்லாந்தில் மாரியஸ் ரோம் 1980களிலேயே குரல் கேட்பவர்களை ஒன்றுகூட்டிப் பேசவைத்து, ஓர் இயக்கத்துக்கே வழிவகுத்தார். மருந்து வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. மருந்து பலருக்குக் குரலை அடக்குகிறது.

கோயில் வழிக்கு வருவோம். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 நோயாளிகளை மருத்துவர் ரகுராம் குழுவினர் ஆராய்ந்து 2002இல் எழுதினர். சராசரியாக ஆறு வாரத் தங்கலில், நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. தனிச் சடங்கு எதுவும் இல்லை. உறவினர் உடனிருந்தார், கோயில் வேலைகளில் கைகொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்து 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துவிட்டது. வீட்டில் ஒருவருக்குக் குரல் கேட்கத் தொடங்கினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். பிராகாரம் சுற்ற வருபவர்களிடம் இப்போது அந்த எண்ணைச் சொல்கிறேன். குரல் என்ன சொல்கிறது என்றும் கேட்கிறேன்.